மாயாண்டி கொடுத்த சாவி

மாயாண்டியின் பரம்பரையில் வீடு வாடகைக்கு விட்ட முதல் ஆள் மாயாண்டிதான். முன்பெல்லாம் அதைச் சொல்லும்போது மீசை ஓரத்தில் ஒரு சிரிப்பு வரும். இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். ஈப்போவில் அவர் தேத்தண்ணி குடிக்கும் கடையில், யாராவது புதிதாக ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னால் மட்டும் அந்த மேசைக்குப் போய் நிற்பார்.

"தம்பி, மொதல்ல அந்த வேலய படிச்சிக்க. தெரிஞ்சவங்ககிட்ட கேளு. வெக்கப்படாத," என்பார். ஏன், என்ன என்று திருப்பிக் கேட்டால் தன் மேசைக்குத் திரும்பிவிடுவார்.

வாடகைக்கு விடுவதில் படிக்க என்ன இருக்கிறது என்றுதான் ஒரு காலத்தில் அவரும் நினைத்தார். நினைத்தது அவர் குற்றம் என்று முழுசாகச் சொல்லிவிடவும் மனசு வரவில்லை. அவர் வளர்ந்த இடம் அப்படி. தாத்தா, அப்பா, அவர் என்று மூன்று தலைமுறையும் கோப்பெங் பக்கம் பெல்மோர் ரப்பர் தோட்டத்து லயத்தில், வேலையாட்களின் வரிசை வீட்டில், குடியிருந்தவர்கள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். கூரை ஒழுகினால் தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் போய்ச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேலை போனால் வீடும் போகும். வீடு எப்போதும் ஆம்பிளை பேரில்தான். பொண்டாட்டியும் அதே தோட்டத்தில் விடியற்காலையில் எழுந்து மரம் சீவினாலும், பேரேட்டில் அது அவன் வீடு, அவள் அதில் இருக்கிறவள்.

அந்த வீட்டுக்கும் கதவு உண்டு, பூட்டு உண்டு. ஆனால் சாவி பக்கத்து வீட்டு ஆணியில் தொங்கும். சொந்தக்காரன் யாராவது வெயிலில் வந்து நின்றால் பக்கத்து வீட்டுக்காரி சாவியை எடுத்துக் கொடுத்து, "உள்ள போயி உக்காருங்க, தண்ணி கொண்டாறேன்," என்பாள். கேட்டு வந்தவனுக்குச் சாவி இல்லை என்று சொல்லிவிட்டால் ஆயுசுக்கும் பேச்சு. தோட்டம் இருந்தவரைக்கும் இந்தப் பழக்கத்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததாக மாயாண்டிக்கு ஞாபகம் இல்லை. வந்திருக்கலாம். அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தோட்டம் விலை போனது. ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். கொஞ்ச நிலத்தில் எண்ணெய்க்குச் செம்பனை வந்தது, மிச்சத்தில் தாமான் என்று குடியிருப்பு வந்தது. தோட்டத்து ஆட்களுக்கென்று ஒதுக்கிய மலிவு விலை வீட்டு வரிசையில் ஓர் ஓரத்து வீடு மாயாண்டிக்குக் கிடைத்தது. அவர் குவாரியில் லாரி ஓட்டினார், மனைவி சரளா பள்ளிக்கூட கெண்டீனில் வேலை பார்த்தாள். இருவரும் சேர்ந்து அந்த வீட்டுக் கடனை அடைத்தார்கள். முன்பக்கத்துக்கு இரும்பு கிரில் போட்டு, நீலச் சாயம் அடித்து, கோப்பெங் இரும்புக்கடையில் இருந்ததிலேயே கனமான பித்தளைப் பூட்டை வாங்கி மாட்டிய அன்று, அதைத் திறந்து திறந்து பூட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார் மனுசன். "பூட்டு தேஞ்சிரும்லா," என்று சரளா கிண்டல் செய்தாள். முதன்முறையாகத் தன் வீட்டைத் தானே பூட்டுகிறவனின் சந்தோஷம் அது. அதைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வரவில்லை.

மகன் விக்னேஸ்வரன் ஈப்போவில் பெரிய வீடு வாங்கி, அம்மா அப்பாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டான். கோப்பெங் வீடு காலியானது. ஏஜண்டிடம் கொடுத்துவிடலாம், அவர்கள் முறையாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றான் மகன். மாயாண்டிக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "நம்ம வீட்ட பாத்துக்க எவனோ ஒருத்தன் எதுக்கு?" என்று முடித்துவிட்டார்.

ஈப்போவில் பக்கத்து வீட்டில் லியோங் என்று ஒரு சீனப் பெரியவர் இருந்தார். பழைய கடைவீடுகளை வாடகைக்கு விட்டே பிழைப்பு நடத்தியவர். மதிலோரம் நின்று இருவரும் மலாயில் பேசிக்கொள்வார்கள். விஷயம் தெரிந்ததும் லியோங் விடாமல் சொன்னார்: வாடகைக்கு விட்டுவிட்டால், அவர்கள் காலி பண்ணும்வரை அது உன் வீடு இல்லை, அவர்கள் வீடு. நீயும் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், கதவைத் தட்டித்தான் நிற்க வேண்டும். பழைய பூட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிசு மாட்டிக் கொடு. ஆத்திர அவசரத்துக்கு ஒரு சாவி கையில் இருந்தால், வாடகைக்கு எடுத்தவரைத் தவிர அவருடைய அப்பனே வந்து கேட்டாலும் கொடுக்காதே. முதலில் போனைப் போட்டுக் கேள்.

மாயாண்டி தலையாட்டிவிட்டு உள்ளே வந்து சரளாவிடம் சிரித்தார். சீனருக்குச் சொந்தபந்தத்தின் அருமை தெரியாது என்று தீர்ப்பும் சொன்னார். சீனப் புத்தாண்டுக்கு லியோங் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இல்லாமல் உறவு கூடுவதை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்தான் அவர். நமக்கு வேண்டாத புத்திமதி வந்தால் சொன்னவரின் இனத்தைப் பார்ப்பது நமக்கெல்லாம் சுலபமாக இருக்கிறது.

கோப்பெங் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் வீரம்மா மூலமாகத்தான் தினேஸ்வரி வந்தாள். முப்பதுக்குள் வயசு. கோப்பெங்கில் ஒரு கிளினிக்கில் கவுண்டர் வேலை. கையில் ஐந்து வயசுப் பெண் குழந்தை, பெயர் கவிஷா. தன் அம்மா முத்தம்மா தஞ்சோங் ரம்புத்தானில் மகனோடு இருக்கிறாள் என்றாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது அவள் சமையல்கட்டைப் பார்க்கவில்லை, குளியலறையைப் பார்க்கவில்லை. கிரில்லைத்தான் இழுத்து இழுத்துப் பார்த்தாள். பின்கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண் என்று மாயாண்டிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"மாப்பிள்ள எங்கம்மா?"

"வேலயா வெளியூர்ல இருக்காரு அங்கிள்."

"பேரு என்னா?"

அவள் குழந்தையைப் பார்த்தாள். "கோகிலன்."

மாயாண்டி கைப்பேசியை எடுத்து அவள் நம்பரைப் பதிந்துகொண்டார். பெயர் என்று கேட்ட இடத்தில் 'கோகிலன் வீடு' என்று போட்டார். வாடகைக்கு எடுத்தது அவள். மாசம் பிறந்தால் கொடுக்கப் போகிறவளும் அவள். ஆனாலும் கை தானாக அப்படித்தான் போட்டது. புருஷன் எந்த ஊரில், எப்போது வருவான் என்று அதற்குமேல் கேட்கவில்லை. பெண்பிள்ளையிடம் அவள் புருஷனைப் பற்றித் துருவுவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர். அன்றைக்கு அந்த மரியாதையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, "ஏதும் சூசா, கஷ்டம் இருக்காம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஆனால் கெட்ட மனுசர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. குழாய் ஒழுகினால் மறுநாளே வந்து நிற்பார். வரும்போது குழந்தைக்கு ஏதாவது வாங்கி வருவார். கவிஷா அவரை 'லாரி தாத்தா' என்று கூப்பிட்டது. இப்போது அவர் குவாரி லாரி ஓட்டுவதில்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அது கேட்கவில்லை. லாரி எங்கே, ஏன் கொண்டுவரவில்லை என்று ஒவ்வொரு முறையும் கணக்குக் கேட்கும். அவருக்கு அது பிடித்திருந்தது.

ஒருநாள் தினேஸ்வரி வேலைக்குப் போயிருந்த நேரத்தில், கூடத்துக்கு ஒரு மின்விசிறி மாட்டிவிட்டு அவளை ஆச்சரியப்படுத்தலாம் என்று மாயாண்டி தன் சாவியால் திறந்துகொண்டு உள்ளே போனார். சொல்லவில்லை, கேட்கவில்லை. தன் வீட்டுக்குப் போக யாரைக் கேட்பது? விசிறியை மாட்டி முடித்து ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது வெளியே வீரம்மாவின் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தார். தினேஸ்வரி நடுத்தெருவில் குழந்தையைத் தூக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கிரில் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வர முடியாமல் அங்கேயே நின்றுவிட்டாளாம். வீரம்மா எவ்வளவு கூப்பிட்டும் காலை எடுத்து வைக்கவில்லை.

"நான்தாம்மா! வந்து பாரு, காத்து எப்படி வருதுன்னு!" என்று சிரித்துக்கொண்டே வெளியே வந்தார் மாயாண்டி.

அவள் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.  வெயிலில் நடந்து வந்த களைப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். அவள் உள்ளே வந்து, விசிறியைப் பார்த்து, "தேங்ஸ் அங்கிள்," என்றாள். குழந்தையைக் கீழே இறக்கிவிடவே இல்லை.

பெல்மோர் தோட்டம் போனாலும் தோட்டத்து மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆடித் திருவிழாவுக்குப் பழைய ஆட்கள் எல்லாரும் எங்கெங்கோ இருந்து வந்து கூடுவார்கள். அந்த வருஷம் அன்னதானப் பந்தியில் மாயாண்டிதான் நாயகன். "என்ன தவுக்கே, பெரிய மொதலாளி, வீடு வாடகைக்கு விட்டுட்டீங்களாமே!" என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். தலைகால் புரியவில்லை அவருக்கு. யார் இருக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். கிளினிக்கில் வேலை செய்கிற பெண், ஒரு குழந்தை, புருஷன் பெயர் கோகிலன்.

"கோகிலனா? நம்ம மேட்டு லயத்து ரத்தினம் மகனாச்சே அவன்!" என்றார் ஒருவர்.

மாயாண்டி சோற்றில் இருந்து கையை எடுத்துவிட்டார். ரத்தினமும் அவரும் இளவட்டத்தில் சேர்ந்து புல்லுக்கு மருந்து அடித்தவர்கள். ஒருநாள் மாயாண்டியைப் பாம்பு கடித்தபோது, அவரைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து தோட்டத்து ஆஸ்பத்திரிவரை ஓடியவன் ரத்தினம். செத்துப்போய் வெகுநாளாகிறது. அவன் மருமகளும் பேத்தியுமா தன் கூரைக்குக் கீழே இருக்கிறார்கள்? அம்மன் சன்னதியில் நின்று அழுதார் மாயாண்டி. அழுதுவிட்டு வந்து, வந்தவர் போனவரிடமெல்லாம் இன்னும் ஒரு தடவை சொன்னார். எந்தத் தாமான், எந்த வரிசை, எந்த ஓரத்து வீடு என்பது உட்பட.

அடுத்த வாரமே கோப்பெங்குக்குப் போய், "நீ நம்ம ரத்தினம் மருமகளாம்மா? சொல்லவே இல்லயே!" என்றார். இனி அவள் தன்னை அங்கிள் என்று கூப்பிடாமல் மாமா என்று கூப்பிடுவாள் என்று ஆசையோடு நின்றார்.

தினேஸ்வரி கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். "யாரு சொன்னா அங்கிள்? நான் இங்க இருக்கறது அவங்களுக்குத் தெரியுமா? யாருகிட்டயும் சொல்லாதீங்க அங்கிள். ப்ளீஸ்."

"நான் யாருகிட்ட சொல்லப் போறேன்," என்றார் மாயாண்டி. சொல்லி முடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அங்கிள், இந்தப் பூட்ட மாத்திக்கட்டுமா? செலவு நான் பாத்துக்கறேன்."

மாயாண்டிக்கு முகம் விழுந்துவிட்டது. நீலச் சாயம் அடித்த கிரில்லில் தொங்கிய அந்தப் பித்தளைப் பூட்டைப் பார்த்தார். "பூட்டுக்கு என்னாம்மா? நல்லாத்தானே இருக்கு. என்னைய நம்பலன்னா சொல்லிடு."

"ஐயோ, அப்படி இல்ல அங்கிள்…" அவள் கீழே வைத்த துணியை மறுபடி எடுத்துக்கொண்டாள்.  வேறு வீடு தேடிப் போகும் நிலையில் அவள் இல்லை. "சரி, விடுங்க," என்றாள்.

வீட்டுக்கு வந்து குறைப்பட்டுக்கொண்டபோது சரளா, "தனியா இருக்கற புள்ள. மாத்திக்கட்டுமே, உங்களுக்கு என்னா போச்சு?" என்றாள். அவர் கேட்கவில்லை. புருஷன் பொண்டாட்டிக்குள் ஏதோ மனஸ்தாபம் என்பது அவருக்குப் புரிந்துதான் இருந்தது. லயத்தில் பார்க்காத சண்டையா? ராத்திரி அடித்துக்கொள்வார்கள், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒன்றாகப் போய் நிற்பார்கள். நாளானால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தார். அடித்துக்கொண்டார்கள் என்று சொல்கிறோமே, அதில் அடித்தது யார், வாங்கியது யார் என்று அவர் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், காலையில், ஈப்போ வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட வாட்டசாட்டமான ஒருவன் இறங்கி, செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து, மாயாண்டியின் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"மாமா, நான் கோகிலன். ரத்தினம் மகன். சிலிம் ரிவர்லேர்ந்து வாரேன்."

முகத்தில் ரத்தினம் அப்படியே இருந்தான். அந்த மூக்கு, அந்த நெற்றி. மாயாண்டி அவன் கையை விடவே இல்லை. சரளா காப்பி கலக்கிக் கொண்டுவந்தாள். அவன் கொண்டுவந்த பையில் ஆப்பிள் இருந்தது, குழந்தைக்கு ஒரு மஞ்சள் பாவாடை சட்டை இருந்தது. அதை எடுத்துக் காட்டும்போது அழுதான்.

"தப்பு என் மேலதான் மாமா. கோவத்துல ஏதோ பேசிட்டேன். இப்ப போன்ல பேசி எல்லாம் சரியாயிருச்சி. இன்னிக்கு அவ வேல முடிஞ்சி வாரதுக்குள்ள வீட்ட சோடிச்சி, லைட்டு கட்டி வைக்கலாம்னு வந்தேன். புள்ள பாத்தா சந்தோசப்படும்லா. சாவி மட்டும் கெடைக்குமா மாமா?"

மாயாண்டிக்கு மறுப்பாக ஒரு நினைப்பும் எழவில்லை என்று சொல்ல முடியாது. கைப்பேசியை எடுத்தார். 'கோகிலன் வீடு' என்ற பெயரைத் தேடி எடுத்தார். "ஒரு வார்த்த சொல்லிடறேன்," என்றார்.

"நீங்க சொல்லிட்டீங்கன்னா அந்தச் சந்தோசம் போயிரும்லா மாமா," என்று கோகிலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ரத்தினத்தின் சிரிப்பு.

மாயாண்டி கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாவியைக் கொடுத்ததோடு விடவும் இல்லை. அவனுடைய காரிலேயே ஏறி கோப்பெங் போய், தன் கையாலேயே கிரில்லைத் திறந்துவிட்டார். இருவரும் சேர்ந்து கூடத்துக்குள் வண்ண விளக்குச் சரம் கட்டினார்கள். பக்கத்தில் வீரம்மா வீடு பூட்டிக் கிடந்தது. பிறகு கோகிலன் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, அவரைப் பஸ் நிற்கும் இடத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டான். பஸ்ஸில் ஈப்போ திரும்பும் வழியெல்லாம் மாயாண்டிக்கு மனசு நிறைந்திருந்தது. பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைத்துவிட்டோம், ரத்தினத்தின் கடனைக் கொஞ்சமாவது தீர்த்தோம் என்று சந்தோஷப்பட்டார்.

லாரி ஓட்ட லைசன்ஸ் கேட்கிறார்கள். ரோட்டோரம் வண்டி போட்டு மீ நூடுல்ஸ் விற்கவும் லைசன்ஸ் கேட்கிறார்கள். ஒரு பெண்ணும் குழந்தையும் கண்மூடித் தூங்குகிற வீட்டின் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிய மட்டும் இந்த நாட்டில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வீடு இருந்தால் போதும், மறுநாளே தவுக்கே. அந்தச் சாவிக்கு என்ன பொருள், அதை யார் கையில் கொடுக்கலாம், யார் கையில் கொடுக்கக் கூடாது என்று லியோங் மதிலோரம் நின்று தொண்டை வறளச் சொன்னதைக் காதில் வாங்கியிருந்தால், ஒரே ஒரு போன் போட்டிருந்தால் போதும். எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவருக்கும் அப்படித்தான் வருகிறது, தன்மேலேயே.

சாயங்காலம் வீரம்மாவிடமிருந்து போன் வந்தது. முதலில் அழுகைதான் கேட்டது.

"அண்ணே, தினேஸ்வரிய அடிச்சிப் போட்டுட்டான்ணே. கார எங்கயோ தள்ளி நிறுத்திட்டு, கிரில்ல சாத்தி வச்சிட்டு உள்ளேயே ஒளிஞ்சிக்கிட்டு இருந்திருக்கான். அவ உள்ள காலு வச்சதும் கிரில்ல பூட்டிட்டான். நாங்க வெளிய நின்னு கத்துறோம், ஒண்ணும் செய்ய முடியலண்ணே. அப்பறம் தொறந்துக்கிட்டு புள்ளய தூக்கிக் கார்ல போட்டுக்கிட்டுப் போயிட்டான். புள்ள கத்துனது இன்னும் காதுல இருக்குண்ணே."

 விக்னேஸ்வரன்தான் மாயாண்டியைக் காரில் ஏற்றிப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனான். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. கார் என்ன நிறம், அவன் என்ன சட்டை, என்ன சொன்னான், தான் என்ன கொடுத்தார் என்று எல்லாவற்றையும் சொன்னார். எழுதிக்கொண்ட அதிகாரி இளவயதுக்காரர். எழுதுவதை நிறுத்தி அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி எழுதினார். பூட்டை உடைக்காமல் அந்த ஆள் எப்படி உள்ளே போனான் என்பது அப்போதுதான் அவர்களுக்கே விளங்கியது.

சிலிம் ரிவர் தாண்டி ஒரு செம்பனைக் காட்டு ஓரத்தில் கார் கிடைத்தது. மஞ்சள் பாவாடை சட்டை பிரிக்காமல் பின்சீட்டில் கிடந்தது. கோகிலன் இல்லை, குழந்தை இல்லை. எல்லைப் பக்கம் போயிருக்கலாம் என்றார்கள், சொந்தக்காரர் யாரோ மறைத்து வைத்திருக்கலாம் என்றார்கள். அன்றைக்கும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் போய்விட்டது, இன்றைக்கும் கவிஷா கிடைக்கவில்லை.

அடிபட்டதற்கு மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் தினேஸ்வரிக்கு நினைவு தெளிந்துவிட்டது என்று வீரம்மா சொன்னாள். மாயாண்டி போக வேண்டும் என்றார். போகும் வழியில் விக்னேஸ்வரன், "அப்பா, அங்க போயி நீங்க ஒண்ணும் பேசாதீங்க. போலீஸ்கிட்ட சொல்லியாச்சி, அது போதும். லாயர பாத்துட்டு அப்பறம் பேசிக்கலாம். பாத்துட்டு வந்துருவோம்," என்றான். மகன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாயாண்டி சரி என்றார்.

வார்டில் அவளை அடையாளம் தெரியவில்லை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வலது கையில் மாவுக்கட்டு. பக்கத்தில் ஸ்டூலில் அவள் அம்மா முத்தம்மா உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது அவளுக்குக் குரல் கட்டிப்போயிருந்தது. அந்தக் குரலிலேயே மகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். பெற்ற வயிறு எரியும்போது பக்கத்தில் இருப்பவரைத்தான் சுடும்.

"எத்தன தடவ சொன்னேன்டி? வெளிய போனா பூட்டுடி, பூட்டுடின்னு. ஒரு கதவ பூட்டத் தெரியலயேடி ஒனக்கு. வாய தொறந்து வச்ச மாரி வீட்ட தொறந்து போட்டுட்டுப் போயிருக்கியே. என் பேத்திய கொண்டுபோயிட்டானேடி."

தினேஸ்வரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளால் வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை. "பூட்டுனேன்னுதாம்மா நெனச்சேன்," என்றாள். "காலையில பாப்பா ஷூ போடமாட்டேன்னு அழுதிச்சி. லேட்டாயிருச்சி. சாயங்காலம் வந்து பாத்தா பூட்டு சும்மா தொங்கிச்சி. அவசரத்துல மறந்துட்டேன் போல. எனக்கு ஞாபகமே இல்லம்மா. நான்தான் தொறந்து போட்டுட்டேன். என்னாலதான் போச்சு."

கட்டிலின் கால்மாட்டில் நின்ற மாயாண்டியின் கையை விக்னேஸ்வரன் பின்னால் இருந்து அழுத்தினான். போகலாம் என்று அர்த்தம். மாயாண்டி அந்தக் கையை உதறிவிட்டார்.  கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ இல்லம்மா. நான். நான்தான் சாவிய குடுத்தேன். அவன் வந்து அழுதான். ரத்தினம் மகன்னு… ஒனக்கு ஒரு போன் போட்டுக் கேக்காம, நானே கூட்டிட்டுப் போயி தொறந்து விட்டேம்மா."

முத்தம்மா ஸ்டூலில் இருந்து எழுந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று மாயாண்டி நினைத்தார், அடிக்கட்டும் என்றும் நினைத்தார். அவள் வரவில்லை. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

தினேஸ்வரி மாயாண்டியைப் பார்க்கவில்லை. திறந்திருந்த ஒரு கண்ணால் அம்மாவைத்தான் பார்த்தாள்.

"கேட்டியாம்மா?" என்றாள். "நான் பூட்டிட்டுத்தான் போயிருக்கேன்."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. முத்தம்மா ஓடிவந்து மகளின் தலையைக் கட்டிக்கொண்டாள். மாயாண்டி கால்மாட்டிலேயே நின்றார். அவரை இருக்கச் சொல்லவும் அங்கே ஆளில்லை, போகச் சொல்லவும் ஆளில்லை.